மசாய் மாராவில் ஐந்து நாள்: ஒரு சஃபாரி சேவையின் மதிப்பீடு

கடந்த ஆகஸ்டு மாதம் நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், 64 வயதான என் அம்மா ஆகிய நால்வரும் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்கு ஐந்து நாள் சஃபாரி சென்று வந்தோம். நைரோபியில் இயங்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் மூலம், வண்டி, ஓட்டுநர், கூடார விடுதி, மூன்று வேளை உணவு, காப்பக நுழைவுக் கட்டணம் அனைத்தும் சேர்த்து ஒருவருக்கு 2,100 டாலர் கொடுத்தோம். விமானச் செலவு தனி. இவ்வளவு பெரிய தொகையைச் செலவிடுமுன் தமிழில் ஒரு விரிவான அனுபவப் பதிவு கிடைக்குமா என்று நான் தேடி அலைந்ததால், எங்களுக்கு நேர்ந்த நல்லதையும் கெட்டதையும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். விடுதியின் படங்களைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் செய்த தவறு. சஃபாரியில் நாம் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது வண்டியை ஓட்டும் வழிகாட்டியின் கண்ணையும் பொறுமையையும்தான் என்பது இரண்டாம் நாள் காலையில்தான் எங்களுக்குப் புரிந்தது.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கட்டும்போது கூரை திறக்கும் லேண்ட் குரூசர் வண்டி என்று எழுத்திலேயே உறுதி கொடுத்திருந்தார்கள். நைரோபி விடுதியின் வாசலுக்கு வந்ததோ கூரை மட்டும் உயரும் ஒரு பழைய வேன். நைரோபியிலிருந்து மாரா ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து இறங்கி, நாரோக் நகரைக் கடந்து, காப்பகத்தின் செகனானி வாயில் வரை தார்ச்சாலை இருப்பதால் வேனில் போவதில் துன்பம் இல்லை. காப்பகத்தின் உள்ளே, மழை பெய்த மறுநாள் கரிசல் மண்ணில் அந்த வேன் இரண்டு முறை புதைந்தது. இரண்டாம் முறை, வேறொரு வண்டியின் ஓட்டுநர் கயிறு கட்டி இழுக்கும் வரை முக்கால் மணி நேரம் அம்மாவை இறங்கவும் விடாமல் உட்கார வைத்திருந்தோம். விலங்குகள் திரியும் வெளியில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. தொலைபேசியில் கடுமையாகப் பேசிய பிறகு மறுநாள் லேண்ட் குரூசர் வந்தது. வேறுபாட்டுத் தொகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். இதை எழுதும் நாள் வரை வந்து சேரவில்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது, பணம் சம்பந்தப்பட்டது. 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம், ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். முன்பு ஒரு சீட்டு 24 மணி நேரம் செல்லுபடியாகும். இப்போது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டுமே. எங்கள் பயணத் திட்டத்தில் முதல் நாள் மாலை ஒரு சுற்று இருந்தது. வாயிலைக் கடந்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரம் கூட முழுதாகக் கிடைக்காத அந்தச் சுற்றுக்கு, நாங்கள் கட்டிய தொகையில் நால்வருக்கும் சேர்த்து 800 டாலர் போயிற்று. இது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. எங்கள் விடுதி வாயிலுக்கு வெளியே இருந்ததால், முதல் நாள் மாலையை விடுதியிலேயே கழித்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் உள்ளே நுழைந்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்கள் போகும்போது, ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு உள்ளே நுழைகிறோம், எத்தனை சீட்டு வாங்கப்படுகிறது என்பதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

இனி, அந்த நிறுவனத்தின் மேலிருந்த கோபத்தையெல்லாம் ஆற்றிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஓட்டுநர் நாற்பதைக் கடந்த மசாய் இனத்தவர். கென்யாவில் 1996இல் தொடங்கப்பட்ட தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு நடத்தி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிநிலை கொடுக்கிறது. இவர் வெள்ளிப் படியில் தேறியவர், அந்தச் சின்னத்தைச் சட்டையில் குத்தியிருந்தார். சுவாகிலி மொழியில் 'மாமா' என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என் அம்மாவை "மாமா, சௌகரியமா?" என்று ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒருமுறை கேட்டது, ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மாவுக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் உறவு.

அவர் வண்டி ஓட்டும் விதமே வேறு. மற்ற ஓட்டுநர்கள் வானொலிக் கருவியில் 'சிம்பா', 'சுய்' என்று சிங்கமும் சிறுத்தையும் இருக்கும் இடத்தைக் கேட்டுக் கேட்டு விரைந்துகொண்டிருக்க, இவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். இம்பாலா மான் கூட்டம் முழுவதும் ஒரே திசையை நோக்கித் தலை நிமிர்ந்து நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்பார். கறையான் புற்றின் மேல் ஏறி நின்ற டோப்பி மான் ஒன்று செருமிக்கொண்டே இருந்ததை வைத்துத்தான் இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அந்தச் சிவிங்கிப்புலியை (சீட்டா) கண்டுபிடித்தார். தாயும், ஏறக்குறைய ஓராண்டு வயதுள்ள இரண்டு குட்டிகளும். தாயின் கண்ணிலிருந்து வாயோரம் வரை இறங்கும் கறுப்புக் கோடு, பைனாகுலர் இல்லாமலே தெரியும் தூரம்தான். இன்னும் கொஞ்சம் நெருங்கலாமே என்று என் மகள் கேட்டாள். அவர் தலையசைத்து மறுத்தார்: "அது மானைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மகளே. நாம் குறுக்கே போனால் இன்று குட்டிகளுக்குச் சாப்பாடு கிடையாது."

சிங்கமும் கழுதைப்புலியும் ஓய்ந்திருக்கும் பகல் நேரத்தில்தான் சிவிங்கிப்புலி பெரும்பாலும் வேட்டையாடும். சுற்றுலா வண்டிகளும் அதே நேரத்தில் திரிவதால் அதற்குத்தான் தொல்லை அதிகம். மாராவில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, வண்டிகள் மிகுந்த பகுதியில் ஒரு தாய் சராசரியாக 0.2 குட்டியையும், வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3 குட்டியையும் தனித்து வாழும் பருவம் வரை வளர்த்தெடுத்ததாகக் காட்டியது. இந்த எண்களை நான் பயணத்துக்கு முன்பே படித்திருந்தேன். ஆனாலும், அரை மணி நேரத்தில் எட்டு வண்டிகள் வந்து அரைவட்டமாகச் சூழ்ந்ததையும், புல்லோடு புல்லாகப் பதுங்கியிருந்த தாய் எழுந்து, மான்கள் இருந்த திசையை விட்டு விலகி நடந்ததையும், குட்டிகள் பின்னாலேயே போனதையும் நேரில் பார்த்தபோது, நெஞ்சில் ஏதோ அடைத்தது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, பிறர் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் விலக வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன. ஆறாவது வண்டி வந்தவுடனே எங்கள் ஓட்டுநர், யாரும் சொல்லாமலே, எங்கள் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிட்டார். அந்த நொடியில் எங்கள் பணம் சரியான கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று என் கணவர் சொன்னார்; எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆகஸ்டில் மாராவுக்கு வருவோரில் பெரும்பாலோர் ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகவே வருகிறார்கள். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து புல்லையும் மழையையும் தொடர்ந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் (மாட்டைப் போன்ற பெரிய மான்கள்), அவற்றோடு லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள், ஆண்டு முழுவதும் ஒரு பெரிய வட்டமாகச் சுற்றி வருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் மாரா ஆறு அவற்றின் வழியில் குறுக்கிடுகிறது. இந்த நாளில் இந்த நேரத்தில் கடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. உறுதியாகக் காட்டுவோம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். மூன்றாம் நாள் நாங்கள் மூன்று மணி நேரம் கரையோரம் காத்திருந்தோம். கூட்டம் விளிம்பு வரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி முன்வரிசைக்குப் பாய்ந்து போக, முன்னால் நின்ற வரிக்குதிரைகள் மிரண்டு திரும்பின, பின்னால் இருந்த ஆயிரக்கணக்கான விலங்குகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிட்டன. ஏமாற்றத்தைவிட அந்த ஓட்டுநரின் மேல் ஆத்திரம்தான் வந்தது.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு நாங்கள் அதைப் பார்த்தோம். முதல் விலங்கு சரிவின் நுனியில் முன்னங்கால்களை ஊன்றி நின்ற விதம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அதன் தாடி மயிரில் புழுதி படிந்து வெளுத்திருந்தது, மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து மூடின, காலடி மண் உதிர்ந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து வந்த நெருக்கடியில் அது பாய்ந்தது. அதன் பின் கயிறு அவிழ்ந்த மூட்டை போல எல்லாம் ஒன்றாகக் கொட்டின. மழைக்காலத்து ஏரிக்கரையில் தவளைகள் கத்துமே, அப்படித்தான் இருந்தது ஆயிரக்கணக்கான வில்டபீஸ்டுகளின் முக்கல் சத்தம். ஒன்றை முதலை இழுத்துக்கொண்டு போனது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கிய பிறகு, அக்கரை சேர்ந்த ஒரு குட்டி மட்டும் தாயைக் காணாமல் கரையோரமே கத்திக்கொண்டு ஓடியது. இக்கரையில் தங்கிவிட்ட கூட்டத்திலிருந்து ஒரு பெண் விலங்கு பதில் குரல் கொடுத்தது. தாயைத் தேடி மறுபடியும் ஆற்றில் இறங்கித் திரும்பி வரும் குட்டிகள் உண்டு என்று ஓட்டுநர் சொன்னார். அந்தக் குட்டி இறங்கியதா என்று தெரியும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார், அவரும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, குட்டி மற்றவற்றோடு மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான் கிளம்பினோம்.

விடுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கூடாரம் சுத்தமாக இருந்தது. கட்டில், வெந்நீர், இரவில் போர்வைக்குள் வெந்நீர்ப் பை எல்லாம் உண்டு. மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் விடியற்காலையில் நம் ஊட்டிக் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு போய்விடாதீர்கள். சைவ உணவு கிடைக்குமா என்ற கவலை வேண்டியதில்லை. சப்பாத்தி கென்யர்களின் அன்றாட உணவாகவே ஆகிவிட்டது. 'ந்தெங்கு' என்ற பெயரில் அவர்கள் வைக்கும் பாசிப்பயறுக் குழம்பை அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சீரகம் தாளித்திருந்தால் நம் வீட்டுக் குழம்பேதான் என்றார். மதியத்துக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாடு மட்டும் நான்கு நாளும் ஒரே ரொட்டியும் வாழைப்பழமும்.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் முக்கியம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கென்யாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் நாங்கள் போட்டுக்கொண்டோம். அறுபது வயதைக் கடந்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கலந்து பேச வேண்டும், அம்மாவுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையத்தில் முன் அனுமதி வாங்கும் முறை வந்துவிட்டது. ஞெகிழிப் பைகளுக்கு 2017 முதல் நாடு முழுவதும் தடை இருப்பதால், துணிகளைப் பாலித்தீன் பையில் கட்டும் நம் வழக்கத்தை விட்டுவிட்டுப் போங்கள்.

இதே பணத்துக்கு வேறு எப்படிப் போயிருக்கலாம் என்று திரும்பி வந்த பிறகு நிறைய யோசித்தோம். காப்பகத்தை ஒட்டி நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா வடக்கு போன்ற தனிப் பாதுகாப்பு நிலங்கள் இருக்கின்றன. மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, மாதந்தோறும் வாடகை பெறுகிறார்கள். அங்கே தங்குபவர்களின் வண்டிகள் மட்டுமே உள்ளே திரிவதால் கூட்டம் இல்லை. காப்பகத்தில் அனுமதிக்கப்படாத நடைப்பயணமும் இரவுச் சுற்றும் உண்டு. செலவு கூடும். ஆற்றுக் காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள், சிங்கமும் யானையும் சிவிங்கிப்புலியும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பதால், காப்பகக் கட்டணம் பாதியாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கே மூன்று இரவு தங்குவதுதான் என் பரிந்துரை.

நிறுவனத்துக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண், ஓட்டுநருக்கு ஐந்துக்கு ஐந்து. நாளொன்றுக்கு 20 டாலர் கணக்கில் அவர் கையிலேயே அன்பளிப்பு கொடுத்தோம். வரும் பிப்ரவரியில் அம்மா மறுபடியும் போக விரும்புகிறார். இம்முறை நிறுவனங்களுக்கு எழுதும் கடிதத்தில் விடுதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை; அந்த ஓட்டுநரை அமர்த்தித் தர முடியுமா, முடியாதென்றால் அனுப்பப்போகும் வழிகாட்டி எந்தப் படியில் தேறியவர், எத்தனை ஆண்டுகளாக மாராவில் ஓட்டுகிறார் என்று மட்டும் கேட்டிருக்கிறோம்.