பரங்கியும் தேங்காய்ப்பாலும் வாங்க குபாவ் ஃபார்மர்ஸ் மார்க்கெட்

பரங்கிக்காய், நீளமான தட்டைப்பயறுக் காய், தேங்காய்ப்பால். பிலிப்பைன்ஸ் வீடுகளில் அடிக்கடி வைக்கிற கினாத்தாங் கலபாசாவுக்கு முக்கியமாக இவ்வளவுதான் வேண்டும், கூடவே இறாலோ பகூங் எனும் கூனி இறால் விழுதோ போடுவார்கள். சாமான் இத்தனை குறைவு என்பதால் ஒன்று சுமாராக இருந்தாலும் குழம்பில் தெரிந்துவிடும். மணிலா பக்கம் இருப்பவர்கள் இதைச் சமைக்க நினைத்தால் கேஸோன் சிட்டியில் குபாவ் ஃபார்மர்ஸ் மார்க்கெட்டுக்குப் போங்கள். எம்ஆர்டி 3, எல்ஆர்டி 2 இரண்டு ரயிலும் குபாவில் நிற்கும், இறங்கி நடந்துவிடலாம்.

முதலில் தேங்காய்க் கடை. இந்த மார்க்கெட்டை நான் சிபாரிசு செய்வதே அதற்காகத்தான். பால் எடுக்க என்று சொல்லிவிட்டால் முற்றிய காயாகப் பார்த்து உடைத்து, மோட்டாரில் சுற்றும் முள் உருளையில் மூடியை அழுத்திக் கண்ணெதிரே துருவிப் பையில் போட்டுத் தருகிறார்கள், துருவல் கைக்கு ஈரமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும். வீட்டுக்கு வந்த உடனே பிழிந்துவிடுங்கள். தண்ணீர் அதிகம் விடாமல் எடுக்கிற முதல் பாலைத் தனியாக வைத்துவிட்டு, அதே துருவலில் வெந்நீர் ஊற்றி இரண்டாம் பால் எடுக்க வேண்டும். திருநெல்வேலி சொதி வைத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய டப்பாப் பாலிலும் செய்து பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் தேங்காய் வாசனையே இல்லை, கொதித்து அடங்கியதும் நாக்கில் மாவு மாதிரி ஒட்டியது. அவசரத்துக்குச் சரி, இந்தக் குழம்புக்கு வேண்டாம்.

பரங்கியைக் கீற்றாக வெட்டி வைத்திருப்பதால் உள்ளே நிறம் பார்த்தே வாங்கலாம். சதை அடர் மஞ்சளாக, கெட்டியாக இருக்கட்டும், வெளிறியது வெந்தால் தண்ணீர் விடும். பரங்கி, பயறுக் காய், கத்திரி, பாகல் எல்லாம் நறுக்கிக் கலந்த பிணக்பெட் பொட்டலமும் விற்பார்கள், பார்க்க வசதிதான், ஆனால் இதற்கு எடுக்காதீர்கள், பாகற்காய்க் கசப்பு பாலோடு சேராது. முருங்கைக்கீரை கண்ணில் பட்டால் ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே மலுங்காய் என்று கேட்க வேண்டும். கடைக்காரம்மாவை ஆத்தே, அதாவது அக்கா என்று கூப்பிட்டு ஒரே கடையில் தொடர்ந்து வாங்கினால் நல்ல கீற்றாக அவரே எடுத்துக் கொடுப்பார், அந்த ஊரில் இந்தப் பழக்கத்துக்கு ரொம்ப மதிப்பு.

அப்புறம் சமையல். நாலு பேருக்கு அரைக் கிலோ பரங்கி, ஒரு கட்டுப் பயறுக் காய், ஒரு தேங்காய் போதும். பூண்டு, வெங்காயம், இஞ்சி வதக்கி, ஒரு ஸ்பூன் பகூங் போட்டு வாசனை வந்ததும் இரண்டாம் பால் ஊற்றிப் பரங்கியைப் போடுங்கள். அது முக்கால் பதம் வெந்தபின் விரல் நீளத்துக்கு நறுக்கிய காய், இறால், கீறிய பச்சைமிளகாய். நாலைந்து பரங்கித் துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டியாகும், சோள மாவெல்லாம் தேவையே இல்லை. முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, தீயைக் குறைத்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். கீரையை அடுப்பை அணைத்த பிறகு தூவினால் போதும். பகூங்கில் உப்பு நிறைய இருக்கும், அதனால் கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்பு.

சைவக்காரர்கள் இதை வீட்டில் செய்துகொள்வதே நல்லது. உணவுக் கடைகளில் காய்கறிக் குழம்பு என்று சொன்னாலும் பெரும்பாலும் இறாலோ பன்றி இறைச்சியோ உள்ளே இருக்கும். பகூங்கும் இறாலும் இல்லாமல், இஞ்சியையும் மிளகாயையும் கொஞ்சம் கூட்டிப் போட்டால் குழம்பு நன்றாகவே வருகிறது, பரங்கியின் இனிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும்.

காலையிலேயே போய்விடுங்கள், தேங்காயை மட்டும் கிளம்பும்போது கடைசியாகத் துருவச் சொல்லுங்கள். மணிலா வெயிலில் துருவல் பையிலேயே புளிக்க ஆரம்பித்துவிடும்.