இங்கிலாந்து கவுன்சில் ஓட்டு: பதிவுக்கு நல்ல மார்க், தபாலுக்கு ஃபெயில்

இந்திய பாஸ்போர்ட்டோடு இங்கிலாந்தில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்த ஊர் கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தலில் ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டவர், செல்லுபடியாகும் விசாவில் அங்கே குடியிருப்பவர், 18 வயது முடிந்தவர் என்றால் போதும். கும்பகோணம், மன்னார்குடி பக்கமிருந்து போனவர்களில் இது தெரியாதவர்கள் நிறைய. தெரிந்தவர்களும் நமக்கெதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். வேலை பார்ப்பவர்கள் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியைக் கட்டிவிட்டு ஓட்டை விடுவது, தீர்வை கட்டிவிட்டு மடையைத் திறக்காமல் இருப்பது மாதிரி.

பதிவு செய்கிற சேவைக்குத் தாராளமாகப் பத்துக்கு ஒன்பது தரலாம். அரசாங்கத்தின் கவ்.யூகே (gov.uk) தளத்தில் ஐந்து நிமிஷ வேலை, கட்டணம் கிடையாது. முகவரி, பிறந்த தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை பார்ப்பவர்களுக்கு அரசாங்கம் தருகிற அடையாள எண்) கேட்கும். அந்த எண் இல்லாத மாணவர்கள் காரணத்தை எழுதினால் போதும். பிறகு கவுன்சிலிலிருந்து ஆவணம் கேட்பார்கள். சிக்குகிற இடம் பெயர்தான். நம் இனிஷியல் கணக்கு அங்கே எடுபடாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருந்தால் படிவத்திலும் அப்படியே இருக்க வேண்டும். அரசாங்கப் பதிவோடு பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்று, கடிதம் வரும். கடைசியில் வருகிற 'ஓப்பன் ரெஜிஸ்டர்' (வெளியாருக்கு விற்கிற வாக்காளர் பட்டியல்) கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பட்டியலை யாரும் காசு கொடுத்து வாங்கலாம்.

கெடு தேதிகள்தான் கொஞ்சம் வில்லங்கம். பதிவுக்கு ஓட்டு நாளுக்கு 12 வேலை நாள் முன்பு, தபால் ஓட்டுக்கு 11, ப்ராக்ஸிக்கு (உங்களுக்குப் பதில் இன்னொருவர் ஓட்டுப் போடுவதற்கு) 6. 'வேலை நாள்' என்பதைக் கவனிக்க வேண்டும். மே முதல் திங்கள் அங்கே விடுமுறை, ஈஸ்டரும் பெரும்பாலும் பக்கத்திலேயே வந்துவிடும். 2026 மே 7 வியாழக்கிழமைத் தேர்தலை வைத்துப் பின்னோக்கி எண்ணினால் பதிவுக்கு ஏப்ரல் 20 நள்ளிரவு, தபாலுக்கு 21 மாலை 5, ப்ராக்ஸிக்கு 28 மாலை 5. ஊரில் உட்கார்ந்து விண்ணப்பிப்பவருக்கு அந்த மாலை 5 என்பது நம் இரவு 9.30.

2023 மே முதல் பூத்தில் புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்திய பாஸ்போர்ட் செல்லும், காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் சரி. இந்திய டிரைவிங் லைசென்ஸ் செல்லாது, ஆதாரும் செல்லாது. ஒரிஜினலைத்தான் கையில் கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் ப்ராக்ஸியின் கெடுவேதான்.

பூத் அனுபவம் நமக்கு ரொம்பச் சாதுவாகத் தெரியும். 2019 டிசம்பரில் நம் கிராமங்களில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முத்திரை குத்தியவர்களுக்கு, அங்கே கொடுக்கிற ஒற்றைச் சீட்டும் கட்டைப் பென்சிலும் விளையாட்டாக இருக்கும். ஆனால் பென்சில் நல்ல யோசனை. முத்திரை மை காயாமல் மடித்தால் எதிர்ப் பக்கத்தில் இன்னொருவர் மேல் ஒட்டிக்கொள்ளும்; பென்சிலில் அந்தத் தொல்லை இல்லை. அழித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் சொந்தப் பேனாவை எடுத்துப் போகலாம். விரலில் மை வைப்பதில்லை. காலை 7 முதல் இரவு 10 வரை ஓட்டு, ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

நம்மவர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் டிக் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் தப்பு என்று பழகிய கை. அங்கே பிடித்தவர் பெயருக்கு நேரேதான் பெருக்கல் குறி போட வேண்டும். பிடிக்காதவரை அடிப்பதாக நினைத்துப் போட்டால் ஓட்டு அவருக்கே போய்ச் சேரும். வார்டுக்கு மூன்று இடம் இருந்தால் மூன்று பேர் வரை போடலாம், ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும், நாலு போட்டால் சீட்டே செல்லாது. பூட்டு சாவி, ஏணி மாதிரி சின்னத்தைத் தேட வேண்டாம். சுயேச்சைக்குச் சின்னமே கிடையாது. குடும்பப் பெயரின் அகர வரிசையில் பெயர்கள் இருக்கும், அதனால் முழுப் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். வாசலில் கட்சி ரிப்பன் குத்திக்கொண்டு வாக்காளர் நம்பர் கேட்பவர்கள் அதிகாரிகள் இல்லை, பதில் சொல்ல அவசியமில்லை.

தபால் ஓட்டு அங்கேயே இருப்பவருக்குச் சரி. அதிலும் உறை ஏ-யில் சீட்டு, உறை பி-யில் அந்த உறையும் பிறந்த தேதி, கையெழுத்துப் போட்ட தாளும் என்ற வரிசை தவறினால் வீண். பிறந்த தேதிக்குப் பதில் அன்றைய தேதியை எழுதுவது அடிக்கடி நடக்கிற தப்பு. சித்திரைக் கல்யாணத்துக்கோ தஞ்சாவூர் பெரிய கோயில் தேருக்கோ ஊருக்கு வந்திருப்பவர் தபாலை நம்பக் கூடாது. வேட்பாளர் பட்டியல் முடிந்த பிறகுதான் சீட்டு அச்சாகும். அது பாபநாசம் வந்து, ஓட்டு நாள் இரவு 10 மணிக்குள் திரும்பிப் போய்ச் சேருவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

அவர்களுக்கு ப்ராக்ஸிதான் வழி. அங்கே ஓட்டுரிமை உள்ள நண்பர் ஒருவர் உங்களுக்காகப் போடுவார். ஊரில் இருக்கிற அம்மா அப்பாவை நியமிக்க முடியாது. ஒருவர் அங்கே குடியிருக்கிற இரண்டு பேருக்கு மேல் ப்ராக்ஸியாக இருக்க முடியாது, அதனால் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நாலு பையன்களும் ஒரே ஆளைப் பிடித்தால் இரண்டு பேர் ஓட்டு போச்சு. போகிறவர் தன் பூத்துக்கு அல்ல, உங்கள் பூத்துக்குப் போக வேண்டும். கையில் இருக்க வேண்டியது அவருடைய பாஸ்போர்ட், உங்களுடையது அல்ல.