மருந்தின் பெயரை எழுதித் தராத ஸ்கேன் மையம்

மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க ஆறு மாத இடைவெளியில் இரண்டு மையங்களுக்குப் போனேன். முதல் மையத்துக்கு இரண்டு நட்சத்திரம். மெஷின் புதுசு, ரிப்போர்ட் அன்று மாலையே கைக்கு வந்தது. அந்த இரண்டும் அதற்குத்தான்.

பாதி ஸ்கேனில் வெளியே இழுத்து, "கான்ட்ராஸ்ட் போடணும்" என்று, படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சிறுநீரகம் எப்படி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்த்தீர்களா, அலர்ஜி உண்டா, ஒரு கேள்வி கிடையாது. மருந்து ஏறும்போது கை முழுக்கச் சில்லென்று ஓடியது, நாக்கில் இரும்பு ருசி. உடை மாற்றும்போது கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தது. "கொஞ்ச நேரத்துல போயிடும்மா" என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போய்விட்டது, உண்மைதான். ஆனால் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டாவது மையத்தில் நர்ஸ் எடுத்ததுமே கேட்டார்: "முன்னாடி ஒத்துக்காம போயிருக்கா? எந்த மருந்து?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய ரிப்போர்ட்டில் 'கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. ஸ்கேனைத் தள்ளிப்போட்டு, முதல் மையத்துக்கு மூன்று முறை போன் செய்து, கடைசியில் எழுதிக் கேட்ட பிறகுதான் பதில் வந்தது: நேர்கோட்டு வகை காடோலினியம்.

காடோலினியம் என்பது இந்தக் கான்ட்ராஸ்ட் மருந்தில் உள்ள உலோகம், தனியாக இருந்தால் நஞ்சு. அதை ஒரு மூலக்கூறு பிடித்து வைத்திருக்கிறது. வளைய வகையில் பிடி இறுக்கம், நேர்கோட்டு வகையில் தளர்வு. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு இந்த உலோகம் உடம்பிலேயே தங்கி, தோல் கட்டைபோல் இறுகி மூட்டு மடங்காமல் போகலாம் என்பது 2006இல் தெரியவந்தது. 2017இல் ஐரோப்பா நேர்கோட்டு வகை ஊசிகள் பலவற்றை நிறுத்திவைத்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும் மூளையிலும் எலும்பிலும் துளி தங்குகிறது, ஆனால் அதனால் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. பயந்து, தேவையான ஸ்கேனை யாரும் தவிர்க்க வேண்டாம்.

ஒரு வக்கீலிடமும் கேட்டேன். என் தடிப்புக்கெல்லாம் வழக்கு நிற்காது என்றார், சரி. நிரந்தரப் பாதிப்பு என்றால் கதை வேறு. சிறுநீரகத்தைப் பார்க்காமல் போட்டிருந்தால் மருத்துவ அலட்சியம், ஆபத்தைச் சொல்லாமல் விற்றிருந்தால் தயாரித்தவர் மேல் வழக்கு. அமெரிக்காவில் அப்படிப்பட்ட காடோலினியம் வழக்குகளை 2008இல் ஓஹாயோ மாநிலத்திலுள்ள ஒரு ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். எந்த வழியில் போனாலும் என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்ற காகிதம் வேண்டும், அதுவும் காலக்கெடு முடிவதற்குள்.

இரண்டாவது மையத்தில் கிரியாட்டினின் பார்த்து, வளைய வகை மருந்து போட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனித்தார்கள். கிளம்பும்போது அந்த நர்ஸ் குப்பியிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்து என் ஃபைலில் ஒட்டி, பக்கத்தில் பேனாவால் அளவை எழுதித் தந்தார். ஐந்து நட்சத்திரம்.