வயதான அம்மா அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்கு: கேஸ் அடுப்பா, இன்டக்‌ஷனா?

எழுபது தாண்டிய இரண்டு பேர் மட்டும் இருக்கும் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பை ஓரங்கட்டிவிட்டு இன்டக்‌ஷன் வாங்கிக் கொடுத்தோம். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை ஓட்டிவிடலாம். கேஸில் எந்தப் பாத்திரமும் ஏறும், கரண்ட் போனாலும் சமையல் நிற்காது. இன்டக்‌ஷனில் சுடர் இல்லாததால் முந்தானையும் நைட்டியும் பற்றிக்கொள்ளும் பயம் இல்லை. ஆனால் அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலைக்கு ஆகும். ஈயச்சொம்பு பரணுக்குப் போனதில் அப்பாவுக்கு ரசம் விஷயத்தில் இன்னும் மனக்குறைதான்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது மறதி. பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறார் அம்மா. பால் பொங்கி வழிந்து பர்னர் அணைந்துவிடுகிறது. சுடர்தான் போனதே தவிர, கேஸ் வந்துகொண்டே இருக்கும். சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். வயது ஏற ஏற மூக்கு மந்தமாகிவிடுவதால், பலருக்கு அந்த நாற்றம் உறைப்பதே இல்லை. காற்றைவிடக் கனமான கேஸ் தரையோடு தேங்கி நிற்கும்போது, ஒரு லைட் சுவிட்சைத் தட்டினாலே போதும்.

இதற்குக் கேஸ் பக்கமும் வழி இல்லாமல் இல்லை. சுடர் அணைந்ததும் கேஸை அடைக்கும் வால்வு வைத்த அடுப்புகள் கிடைக்கின்றன. சாதாரண இரண்டு பர்னர் அடுப்பில் அது அநேகமாக இருக்காது. அப்படியே இருந்தாலும், சாம்பார் வற்றி அடிபிடிப்பதை அந்த வால்வு கண்டுகொள்ளாது, சுடர்தான் எரிகிறதே! கேஸ் கசிவு அலாரம் வாங்கினால் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். அது கத்தும், ஆனால் யாராவது கேட்டு எழுந்து போக வேண்டும். மதியத் தூக்கத்துக்கு அப்பா காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார். போதாக்குறைக்கு ரப்பர் டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தத் தேதியை யார் ஞாபகம் வைத்திருப்பது?

இன்டக்‌ஷனில் பாத்திரத்தை எடுத்தாலே சூடு நின்றுவிடும். பாலுக்கு இத்தனை நிமிஷம், குழம்புக்கு இத்தனை என்று டைமர் வைத்துவிட்டால், மறந்தாலும் அதுவே அணைந்துவிடும். டைமர் வைக்கவே மறந்தால்? பல மாடல்களில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டன் எதையும் தொடாவிட்டால் தானே நிற்கும். அடிபிடித்துப் பாத்திரம் வீணாகலாம்தான். அதனால் டைமரைத்தான் பழக்க வேண்டும். எண்ணெய் வைத்தால் மட்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எண்ணெய் பற்ற சுடர் தேவையில்லை.

வழவழவென்ற டச் பேனல் வேண்டாம், ஈரக் கைக்கு அது சரியாக மசியாது. அழுத்தும் பட்டன் வைத்ததாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் டைமர் பட்டன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறோம். கண்ணாடி போடாமலே அம்மா சரியாக அழுத்துகிறார்.

எல்லாப் பாத்திரமும் ஏறும் என்று கடையில் இன்ஃப்ராரெட் அடுப்பையும் காட்டுவார்கள். அதை நான் அக்கா வீட்டில் பார்த்ததோடு சரி. பாத்திரத்தை எடுத்த பிறகும் தட்டு சிவக்கச் சிவக்கக் கனன்றுகொண்டிருந்தது. கைத்துணி அதன்மேல் கிடந்தால் என்னாகும் என்ற யோசனையிலேயே விட்டுவிட்டேன். இன்டக்‌ஷன் தட்டும் சுடும், ஆனால் பாத்திரத்திலிருந்து ஏறிய சூடு மட்டும்தான், சீக்கிரம் ஆறிவிடும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாங்கும் முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேஸ் கனெக்‌ஷனை நாங்கள் சரண்டர் செய்யவில்லை; கரண்ட் இல்லாத நாளுக்கு இருக்கட்டும் என்று ரெகுலேட்டரை மூடியே வைத்திருக்கிறோம். 2000 வாட் இழுக்கும் சாமான் என்பதால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருக விடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சமையல் மேடைக்குத் தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் போட்ட பிறகு அடுப்பை வாங்குங்கள்.