ரிச்சி தெருவில் விஎம் ஓட்ட லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? பயாஸைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சர்வர் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் லேப் (ஒரே மெஷினுக்குள் மென்பொருளால் பல கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கூடம்) போட்டுப் பழக செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தேடுகிறவர்கள் கவனத்துக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் எனக்குக் காட்டியது ஒரு மெஷின், பையில் போட்டுக் கொடுத்தது இன்னொரு மெஷின். பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதே மாடல், அதே ரேம், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்கூட அதேதான். உள்ளே இருந்த மதர்போர்டு மட்டும் வேறு. ஏதோ ஒரு கம்பெனி பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும், மெஷினின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, வேலை முடிந்ததும் கழித்துக் கட்டிய போர்டு அது. படம் பார்க்க, பில் அடிக்க வாங்கியவருக்கு இது கடைசிவரை தெரியாமலே போகலாம். விஎம் ஓட்டுகிறவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாகப் பக்கத்துக் கடைக்குப் போவீர்கள். லாட்டாக வரும் சரக்கு அங்கேயும்தான் போகிறது. நேர்மையான கடைகளும் அதே தெருவில் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

என் தேவை இதுதான்: ஆக்டிவ் டைரக்டரியோடு (கம்பெனியின் பயனர் கணக்குகளை நிர்வகிப்பது) ஒரு விண்டோஸ் சர்வர், குபர்நெட்டீஸ் (பல மெஷின்களில் செயலிகளைப் பகிர்ந்து ஓட்டும் மென்பொருள்) பழக மூன்று லினக்ஸ் விஎம், நடுவில் ஒரு ஃபயர்வால். குபர்நெட்டீஸை இயக்கும் தலைமைப் பகுதியான கண்ட்ரோல் பிளேனுக்குக் குறைந்தது 2 சிபியு, 2 ஜிபி ரேம் இல்லாவிட்டால் நிறுவலே முரண்டு பிடிக்கும். அது எழுந்து நிற்க மட்டும்தான், வேலை நடக்க 4 ஜிபியாவது வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, ஹோஸ்டுக்கும் (விஎம்களைத் தாங்கும் லேப்டாப்) கொஞ்சம் ஒதுக்கினால் 16 ஜிபி பற்றாது. சிபியுவை விஎம்களுக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே பங்கு போட்டுக் கொடுக்கலாம், எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் உழைப்பதில்லை. ரேமில் அந்தச் சமாளிப்பு ரொம்ப தூரம் போகாது. ரேம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்கு இறங்கிவிட்டால் மெஷின் தவழ ஆரம்பித்துவிடும். ஆக 32 ஜிபி ஏற வேண்டும், சிபியுவில் நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) வேண்டும், ஸ்விட்ச்சோடு நேராக இணைக்க ஈதர்நெட் போர்ட் வேண்டும்.

இந்தக் கணக்குக்குப் பொருந்திய பழைய மெஷின்களில் ஒன்று 2018-ல் வந்த திங்க்பேட் டி480. இரண்டு ரேம் ஸ்லாட், ஐ5-8350யு என்ற இன்டெல் சிபியு, நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட்டும்). 8-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-ம் முறைப்படியே ஏறும். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாதது டி480எஸ். அதில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே சால்டர் செய்தது, ஸ்லாட் ஒன்றுதான், 32 ஜிபி என்ற கணக்கு அங்கே உதைக்கும். கடைகளில் இரண்டையுமே "டி480" என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று, "ஐ7 சார்" என்று நீட்டினால் உடனே மயங்காதீர்கள். ஐ7-7500யு என்பது இரண்டே கோர். அடுத்த தலைமுறையின் ஐ5-இல் நான்கு. ஸ்டிக்கரில் இருக்கும் 7-க்கு இரண்டாயிரம் மூன்றாயிரம் கூடக் கொடுத்துவிட்டு விஎம் திணறுகிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் காட்டிய டி480-ஐ நன்றாகவே பார்த்தேன். எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போனேன், திறந்தது. செக்யூரிட்டி பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் (விஎம் ஓட ஹார்டுவேர் தரும் உதவி) இரண்டு வரியும் மாற்ற முடிகிறதா என்று மாற்றிப் பார்த்தேன், மாறியது. சீரியல் எண் தெரியும் முதல் பக்கத்தை போனில் படம் எடுத்தேன். நான் கொண்டுபோன யுஎஸ்பியில் இருந்து உபுண்டு பூட் ஆனது. 16 ஜிபி ரேம் இருந்தது, 32 ஆக்கித் தரச் சொன்னேன். விலை 27,500 ரூபாய். "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பெர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்" என்று கடைக்காரர் வழக்கமான பாட்டைத் தொடங்கினார். பில் இல்லாமல் வாங்க மாட்டேன் என்றதும் விலைக்குள்ளேயே பில் வந்தது, சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்கினேன். "ரேம் மாட்டி, கிளீன் பண்ணி, பேக் பண்ணித் தரேன், கீழ டீ சாப்ட்டு வாங்க" என்றார். அந்த இடைவெளியில்தான் வேலை நடந்திருக்கிறது.

தாம்பரம் வந்து வீட்டில் விஎம் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டேன். முதல் விஎம்மைக் கிளப்பியதுமே, பயாஸில் விடி-எக்ஸ் (இன்டெல் சிபியுவின் விர்ச்சுவலைசேஷன் வசதி) முடக்கப்பட்டிருக்கிறது என்று பிழைச் செய்தி. 6.1 பதிப்பிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஹார்டுவேர் உதவி கட்டாயம், அது இல்லாமல் ஒரு விஎம்மும் எழாது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைப் பார்த்தேன், விர்ச்சுவலைசேஷன் 'டிஸேபிள்டு'. ரீஸ்டார்ட் செய்து எஃப்1 அழுத்தினால் பூட்டுப் படத்தோடு பாஸ்வேர்டு கேட்கிறது. கடையில் கேட்கவே இல்லையே! யுஎஸ்பியில் இருந்து பூட் செய்வதும் அடைபட்டிருந்தது. அதாவது லினக்ஸும் போட முடியாது, விஎம் ஓட்டுவதற்கென்றே உள்ள பிராக்ஸ்மாக்ஸும் போட முடியாது. விண்டோஸுக்குள் இருந்தே பவர்ஷெல்லில் (கட்டளை தட்டச்சு செய்யும் திரை) போர்டின் சீரியல் எண்ணைக் கேட்டேன். அது சொன்ன எண் வேறு, அடிமூடி ஸ்டிக்கரில் இருந்த எண் வேறு. ஸ்டிக்கரும் பில்லும் கடையில் எடுத்த படமும் ஒத்துப்போகின்றன, போர்டு மட்டும் ஒத்துப்போகவில்லை. திருகுகளைத் தளர்த்தி அடிமூடியை மட்டும் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

இந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் சொன்ன சமாதானங்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான். கம்பெனிகள் ஊழியர்களுக்கு லேப்டாப் கொடுக்கும்போது பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டுவிடுவது வழக்கம். குத்தகை முடிந்து மெஷின்கள் லாட்டாக வெளியே வரும்போது அதை எடுத்துவிட வேண்டும், சில இடங்களில் எடுப்பதில்லை. பழைய டெஸ்க்டாப்பில் செய்வதைப் போல நாணய பேட்டரியைக் கழற்றி மாட்டினால் திங்க்பேடில் இது போகாது, பாஸ்வேர்டு தனிச் சிப்பில் உட்கார்ந்திருக்கும். மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும், அதற்கும் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும் என்று லெனோவோவின் கையேடே சொல்கிறது. திருட்டுக்கு எதிராகச் செய்த நல்ல ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பூட்டை மறைத்து விற்றதுதான் மோசடி.

மறுபடி கடைக்குப் போனால் கடைக்காரரின் பேச்சே மாறிவிட்டது. "விண்டோஸ் ஓடுதா? வைஃபை வருதா? அப்புறம் என்ன சார் பிரச்சனை?" விஎம் ஓடவில்லை என்றேன். "அது உங்க சாஃப்ட்வேர் கம்ப்ளைண்ட், அதுக்கு நாங்க பொறுப்பில்ல." பயாஸ் பாஸ்வேர்டை நானே போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்றும் ஒரு வாதம் வந்தது. சீரியல் எண் பொருந்தவில்லை என்று படத்தைக் காட்டியதும் சுருதி இறங்கியது. உள்ளே இருந்த இன்னொருவர் வந்து, "3,500 குடுங்க, சிப்பை ரீபுரோகிராம் பண்ணி லாக் எடுத்துத் தரோம்" என்றார். அவர்கள் பூட்டோடு விற்றதைத் திறக்க நான் காசு கொடுக்க வேண்டுமாம்! அப்படிச் செய்து தரும் ஆட்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள்தான். ஆனால் அது கெட்டால் போர்டே போகும். அதைவிட, யாருடைய மெஷின், முறையாகக் கழித்ததா, களவு போனதா என்றே தெரியாத ஒன்றின் பூட்டை உடைக்க நான் ஏன் உடன்பட வேண்டும்? பணத்தைக் கேட்டேன். பில்லின் அடியில் குத்தியிருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார்.

அந்த முத்திரைக்கு அவர்கள் நினைக்கிற அளவு மதிப்பு கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)-ஐப் படியுங்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. என் பில்லில் காலம் எதுவும் போடவில்லை. 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் எண் வாங்கினேன். அப்புறம் கடைக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம். பில், பயாஸ் படம், போர்டின் சீரியல் எண் மூன்றையும் இணைத்து, பணம் வராவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன் என்று எழுதினேன். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ஆனால் கம்பெனி பெயரில் வியாபாரத்துக்காக வாங்கியிருந்தால் 'நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். பில் உங்கள் பெயரில் இருப்பது நல்லது.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். "பேக்கிங், சர்வீஸ்" என்று 1,500 பிடித்துக்கொண்டு 26,000 யுபிஐயில் வந்தது. அந்த 1,500-க்காக இன்னொரு முறை மாடியேற மனம் வரவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, பார்த்த மெஷினைக் கண்ணைவிட்டு எடுக்க விடாதீர்கள். ரேம் மாட்டுவதானால் உங்கள் எதிரே மாட்டட்டும். பேக் செய்த பிறகு ஒருமுறை திறந்து, பயாஸில் தெரியும் எண்ணை ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். பில்லில் பயாஸ் எண்ணைத்தான் எழுதச் சொல்ல வேண்டும். செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு 'டிஸேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள். அதே பக்கத்தில் கம்ப்யூட்ரேஸ் (மெஷினைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் அந்த மெஷினை இன்னமும் பழைய கம்பெனி கண்காணித்துக்கொண்டிருக்கலாம், தொடவே வேண்டாம். விண்டோஸைப் புதிதாக ரீசெட் செய்து நெட்டோடு இணைக்கும்போது ஏதாவது கம்பெனி பெயர் வந்து அவர்களுடைய மெயில் ஐடி கேட்டால் அது ஆட்டோபைலட்டில் (கம்பெனிகள் தங்கள் மெஷின்களைப் பதிந்து அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பதிவான மெஷின். அந்தக் கம்பெனி நீக்கினால் ஒழிய ஒவ்வொரு ரீசெட்டிலும் அது திரும்ப வரும். நெட் இணைக்காமல் கடைக்காரர் விண்டோஸ் போட்டு வைத்திருந்தால் கடையில் இது தெரியாது.

பேட்டரி, எஸ்எஸ்டி எல்லாம் இதற்கு அடுத்ததுதான். அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் வேறொரு கடையில் எச்பி எலைட்புக் 845 ஜி7 வாங்கினேன். ஏஎம்டியின் ரைசன் 5 ப்ரோ 4650யு சிபியு, ஆறு கோர், பன்னிரண்டு திரெட், ரேம் ஸ்லாட் இரண்டு. ஈதர்நெட் போர்ட் மட்டும் கிடையாது, யுஎஸ்பி அடாப்டரில் ஓட்டுகிறேன். விலை கூட, ஆனால் கடைக்காரர் என் எதிரிலேயே திறந்து ரேம் மாட்டினார், பயாஸை நானே திறந்து பார்க்கும்வரை பணத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. நான்கு விஎம்மும் ஃபயர்வாலும் ஒன்றாக ஓடுகின்றன.

கடைக்கு அனுப்பிய கடிதத்தின் மாதிரி யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.