லினக்ஸில் ஃபங்ஷன் கீ வேலை செய்யவில்லையா? எந்த வழி எதற்குப் பொருந்தும்

லினக்ஸ் போட்டாயிற்று, எல்லாம் ஓடுகிறது. திரை வெளிச்சத்தைக் கூட்டும் கீ மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. இதற்குப் பல தீர்வுகள் சொல்லப்படுகின்றன. எது உதவும் என்பது, கீயை அழுத்திய சேதி வழியில் எங்கே தொலைகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வேலையாக, எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று காட்டும் இவ்டெஸ்ட் கருவியை ஓட்டி, அந்தக் கீயை அழுத்திப் பாருங்கள். கீபோர்டு மட்டும் போதாது, அது காட்டும் பட்டியலில் ‘வீடியோ பஸ்’, டபிள்யூஎம்ஐ என்று வரும் சாதனங்களையும் பார்க்க வேண்டும்; சில சிறப்புக் கீகளின் சேதி அவற்றின் வழியாக வரும்.

வெளிச்சக் கீயின் சரியான பெயரே அங்கே தெரிகிறது, திரைதான் மாறவில்லை என்றால் கீயின் மேல் தப்பில்லை. திரை வெளிச்சத்தை இயக்கும் பேக்லைட் டிரைவர் பக்கம் போங்கள். லினக்ஸின் மையமான கர்னலுக்குத் தரும் ‘ஏசிபிஐ பேக்லைட்’ அளவுருவில் நேட்டிவ், வீடியோ, வெண்டர் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் திரையில் தற்காலிகமாகச் சோதித்து, பலித்தால் மட்டும் நிரந்தரமாக எழுதுங்கள்.

பெயர் இல்லாமல், கீபோர்டு அனுப்பும் எண்ணான ஸ்கேன்கோடு மட்டும் வந்தால்தான் தீர்வுகளுக்குள் உண்மையான போட்டி. கீகளை மாற்றியமைக்கும் எக்ஸ்மாட்மேப் கருவி பழைய வழி. திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய அமைப்பான வேலண்டில் அது பயன்படாது. பழைய அமைப்பான எக்ஸ்11-இலும் 255-க்கு மேற்பட்ட கீகோடு (கீக்கு உரிய எண்) போய்ச் சேராது. ஸ்கேன்கோடுக்குக் கீகோடு கொடுக்கும் செட்கீகோட்ஸ் கட்டளை சோதனைக்கு நல்லது, ஆனால் மறுதொடக்கம் செய்தால் போய்விடும்.

மிஞ்சுவது இரண்டு: சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் ஹெச்டபிள்யூடிபி (வன்பொருள் விவரப் பட்டியல்), அப்புறம் கீடி. கீடி பின்னணியில் ஓடும் நிரல். ஒரே கீக்குத் தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று என்று வேலை கொடுக்கலாம். அமைப்பைக் குழப்பிவிட்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். கீகளின் போக்கையே மாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அடையாளம் தெரியாத ஒரு கீக்குப் பெயர் வைக்க இவ்வளவு தேவையில்லை. ஹெச்டபிள்யூடிபியில் ஓரிரு வரி போதும். எந்த நிரலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம், கன்சோல், எக்ஸ்11, வேலண்ட் எல்லாவற்றிலும் செல்லும். சில லேப்டாப்களில் கீயை விட்ட சேதியே வராது, ஒருமுறை தொட்டால் ஒலி உச்சிக்குப் போய்விடும். கீயின் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் அதுவும் அடங்கும். என் தேர்வு இதுதான்.

இவ்டெஸ்டில் எதுவுமே வரவில்லையா? பல மாடல்களில் எஃப்என் கீயை உள்ளிருக்கும் கன்ட்ரோலரே கையாள்கிறது. வராத சேதியை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது. பயாஸ் அமைப்பையும், உங்கள் லேப்டாப்புக்கு உரிய திங்க்பேட் ஏசிபிஐ, ஐடியாபேட் போன்ற கர்னல் மாட்யூல் (டிரைவர்) ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஹெச்டபிள்யூடிபி வரி பலித்தால், மாடலின் டிஎம்ஐ பெயரோடு (லேப்டாப் தன்னை அடையாளம் காட்டும் பெயர்), இந்தப் பட்டியலைப் பராமரிக்கும் சிஸ்டம்டி திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே ஏற்றுக்கொண்டால், அதே லேப்டாப்பில் லினக்ஸ் போடும் அடுத்தவருக்கு அந்தக் கீ முதல் நாளே வேலை செய்யும்.