தண்ணீர்த் தாங்கிக்கு எந்த மீயொலி உணரி?

கல்லடியில் எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. மேல்தட்டில் உள்ள 1000 லீற்றர் தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஏணியில் ஏறாமல் அறிய விரும்பி, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் மீயொலி உணரிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிப் பார்த்தேன். முதலாவது, இரண்டு கண்கள் போன்ற முகம் கொண்ட, எல்லோரும் அறிந்த எச்.சி.-எஸ்.ஆர்.04. மற்றையது, வயரின் நுனியில் மூடிய ஒற்றைத் தலை கொண்ட, நீர்புகாத ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04ரீ. இப்போது தாங்கியில் இருப்பது இரண்டாவது என்பதையும், என் சாய்வு அதன் பக்கமே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் அளக்கும் முறை ஒன்றே. நிரலை இயக்கும் சிறு கணினிச் சில்லான நுண்கட்டுப்படுத்தி, உணரியின் தூண்டல் முனைக்கு 10 மைக்ரோசெக்கன் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், உணரி 40 கிலோஹேட்ஸ் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எடுத்த நேரத்தை எதிரொலி முனையில் காட்டும். மைக்ரோசெக்கனில் உள்ள அந்த நேரத்தை 58ஆல் வகுத்தால் தூரம் சென்ரிமீற்றரில் கிடைக்கும். இரண்டையும் 5 வோல்ற்றில் இயக்கினால் எதிரொலி முனையிலும் 5 வோல்ற்றே வரும் என்பதால், 3.3 வோல்ற்றில் இயங்கும் ஈ.எஸ்.பி.32 என்ற என் நுண்கட்டுப்படுத்திக்குள் அதை நேரே கொடுக்காமல் 1 கிலோஓம், 2 கிலோஓம் தடைகள் இரண்டால் பிரித்துக் கொடுக்க வேண்டும். நிரலைப் பொறுத்தவரை ஒன்றைக் கழற்றி மற்றையதைப் பூட்டியபோது நான் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

விலையில் முதலாவது பல மடங்கு மலிவு. கிட்டத்தில் அளப்பதிலும் அதுவே மேல்: 2 சென்ரிமீற்றரிலிருந்து ஏறத்தாழ 4 மீற்றர் வரை அளக்கும், அதன் ஒலிக்கற்றையும் 15 பாகை அளவில் ஒடுங்கியது. பாடசாலைக் கண்காட்சிக்கு, தடையைக் கண்டு திரும்பும் சிறு வண்டி ஒன்றைச் செய்யும் பிள்ளைக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் தாங்கியின் உட்புறம் கண்காட்சி மேசை அன்று. பகல் வெயிலில் தண்ணீர் சூடேறி ஆவி எழுகிறது. இரவில் மூடி குளிர, அந்த ஆவி மூடியின் அடிப்பக்கத்தில் துளிகளாகத் தொங்குகிறது. எச்.சி.-எஸ்.ஆர்.04இன் இரண்டு கண்களும் கம்பி வலையால் மட்டுமே மூடப்பட்டவை. துளி அந்த வலையில் படிந்தால் ஒலி வெளியேறுவதும் தடைப்படும், திரும்பி உள்ளே வருவதும் தடைப்படும். எனக்கு இது உடனே விளங்கவில்லை. மாலை வரை ஒழுங்காக இருந்த அளவு நள்ளிரவுக்குப் பின் தாறுமாறாகி, மறுநாள் பத்து மணியளவில் தானாகவே சரியாகியது. மின்வழங்கியைச் சந்தேகித்து மாற்றினேன். நிரலில் ஐந்து அளவீடுகளை எடுத்து நடுவில் உள்ளதைத் தெரிவு செய்யும் பகுதியைச் சேர்த்தேன். இரண்டு வாரங்கள் வீணாகின. பின்னர் ஒரு விடியற்காலையில் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் இரண்டு கண்களிலும் நீர் முத்து முத்தாக நின்றது தெரிந்தது.

துடைத்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். துடைப்பதற்கு ஏணியில் ஏற வேண்டும். ஏணியில் ஏறுவதைத் தவிர்க்கத்தானே இந்தக் கருவி. அத்துடன் கடற்கரையில் ஈரம் தனியாக வருவதில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டே வருகிறது. வாடைக்காற்று வீசத் தொடங்கி மூன்றாம் மாதத்தில் ஊசிமுனைகளின் அடியில் பச்சை பூத்திருந்தது; தொடுப்பு வயர் ஒன்று கையோடு கழன்று வந்தது. அடுத்து வாங்கியதன் சுற்றுப்பலகைக்கு நகப்பூச்சின் நிறமற்ற வகையை இரண்டு முறை பூசினேன். பலகை தப்பியது, கண்களில் அதைப் பூச முடியாது என்பதால் பழைய கதையே திரும்பியது. மலிவான உணரியை ஒவ்வொரு மாரிக்கும் ஒன்றாக மாற்றினால் என்ன என்று கேட்பவருக்கு, காசுக்கணக்கில் அது தவறில்லை என்றே சொல்வேன். ஆனால் அது எப்போது பொய் சொல்லத் தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியாது. தாங்கி பாதி நிறைந்திருப்பதாக அது காட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், குளியலறைக் குழாயில் காற்றுத்தான் வந்தது.

ஜே.எஸ்.என். வகையில் நனையும் இடத்தில் இருப்பது மூடிய தலை மட்டுமே. சுற்றுப்பலகை, 2.5 மீற்றர் வயரின் மறுமுனையில், மாடிப்படிக் கூரையின் கீழ் உலர்ந்த பெட்டிக்குள் இருக்கிறது. தலையில் துளி நின்றாலும் அது வழுக்கி விழுந்துவிடுகிறது. ஒரு மாரி முழுவதும் நான் ஏறித் துடைக்கவில்லை. ஒரு மாரி என்பதே என் அனுபவத்தின் அளவு. மூன்று, நான்கு ஆண்டுகளில் அந்த வயரின் உறை வெயிலுக்கு வெடிக்குமா என்பதை நான் இனித்தான் பார்க்க வேண்டும்.

இதற்கும் ஒரு குறை உண்டு, அது சிறியதன்று. ஒரே தலை ஒலியை அனுப்பவும் கேட்கவும் வேண்டியிருப்பதால், அனுப்பிய அதிர்வு அடங்கும்வரை அதற்குக் காது கேட்காது. எனவே 20 முதல் 25 சென்ரிமீற்றருக்குக் கிட்டே உள்ள எதையும் அதனால் அளக்க முடியாது. எங்கள் தாங்கி நிறையும்போது தண்ணீர் மூடியிலிருந்து 12 சென்ரிமீற்றரில் நிற்கும். ஆகவே மூடியில் துளையிட்டு, மேலே ஒரு குழாய்த்துண்டை நிறுத்தி, அதன் உச்சியில் தலையைப் பூட்டி 18 சென்ரிமீற்றர் உயர்த்தினேன். முதலில் வைத்த 63 மில்லிமீற்றர் குழாயில் ஒலி குழாயின் விளிம்பிலேயே பட்டுத் திரும்பியதால் எப்போதும் தாங்கி நிறைந்திருப்பதாகவே காட்டியது. 110 மில்லிமீற்றர் குழாய்க்கு மாற்றிய பின்பே சீராகியது. இந்த வேலைக்கு மனமில்லாதவர் இதை வாங்கவே கூடாது.

வெப்பநிலையைத் திருத்த வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். 58 என்ற எண் ஏறத்தாழ 22 பாகை வெப்பத்துக்குப் பொருந்துவது. 35 பாகையில் ஒலி செக்கனுக்கு 352 மீற்றர் அளவில் ஓடுவதால் ஒரு மீற்றர் தூரம் 98 சென்ரிமீற்றராகத் தெரியும். தண்ணீர்த் தாங்கிக்கு இரண்டு சென்ரிமீற்றர் ஒரு பொருட்டன்று. தவிர, இந்தப் பிழை இரண்டு உணரிக்கும் பொதுவானது. தாங்கி நிறைந்ததும் மோட்டர் நின்றால் போதும் என்பவருக்கோ இரண்டுமே வேண்டாம். மிதவைச் சுவிட்ச் ஒன்று போதும்.

கிணற்றுக்கு இதே பதிலைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நாவிதன்வெளியில் சின்னம்மாவின் கிணற்றுக்கும் ஒன்று செய்து தரும்படி கேட்டிருக்கிறார். அங்கே கடல் உப்பு இல்லை, ஆனால் ஜே.எஸ்.என். தலையின் அகன்ற ஒலிக்கற்றை கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் என்றும், கோடையில் நீர்மட்டம் 4 மீற்றருக்குக் கீழே போனால் மற்றையதற்கு எட்டாது என்றும் எனக்கு ஐயம் இருக்கிறது. இரண்டையும் கொண்டுபோய் ஒரு பகல் முழுவதும் பிடித்துப் பார்த்த பின்பே முடிவு செய்வேன். அதுவரை சின்னம்மா, துலாக்கயிற்றில் நனைந்த இடத்தை முழம் போட்டே அளந்துகொண்டிருக்கிறார்.